அறுபது பேருக்கு வீட்டில் விருந்து: முந்தைய இரவே சமைத்து வைக்கலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தம் மகனுடைய முதல் பிறந்தநாளை வீட்டு மொட்டை மாடியில் கொண்டாடத் திட்டமிட்டிருக்கிறார். குழந்தைக்கு ஒரு வயது நிறைவது அதற்கடுத்த வியாழக்கிழமைதான் என்றாலும், விடுமுறை நாளில் வைத்தால்தான் உறவினர்கள் வர முடியும் என்பதால் நான்கு நாள் முன்னதாக வைக்கிறார்கள். வருபவர்கள் 60 பேர். அவர்களில் 15 பேர் குழந்தைகள். சிக்கன் பிரியாணி, சைவம் சாப்பிடுவோருக்குத் தேங்காய் சாதமும் குருமாவும், வேகவைத்த முட்டை, தயிர்ப் பச்சடி, மெதுவடை, பால் பாயசம், குழந்தைகளுக்கு மயோனைஸ் தொட்டுக்கொள்ளும் சிக்கன் துண்டுகள், கிரீம் கேக் என்று பட்டியல் நீள்கிறது. ஞாயிறன்று விருந்தினருடன் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக, இவரும் மாமியாரும் சனிக்கிழமை இரவே எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் மாலை நன்றாகச் சூடாக்கிப் பரிமாறலாம் என்பது திட்டம். வீட்டில் இருப்பது 250 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்று.

அச்சத்துக்குக் காரணமும் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் பகல் பன்னிரண்டரை மணிக்குப் பந்தி நடந்தது. மூன்று மணிக்குள் ஒன்பது பேருக்கு வாந்தி. கடைசியாகக் கொடுத்த ஐஸ்கிரீமைச் சிலரும், வெயில் சூட்டைச் சிலரும், கண் திருஷ்டியைச் சிலரும் காரணம் சொன்னார்கள். அன்று நாத்தனார் அழுததை இவரால் மறக்க முடியவில்லை. "வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாம்" என்கிறார் கணவர், "பேரன் பிறந்தநாளுக்குக் கடைச் சோறா?" என்று வருந்துகிறார் மாமியார். அவருக்கு வயது 68; சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். வரும் குழந்தைகளில் ஒருவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரும் வருகிறார். கேக் வெட்டும்போது குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் ஆசை பெரியவர்களுக்கு இருக்கிறது. முன்னதாகச் சமைப்பது சரியா, வெளியே வாங்குவது பாதுகாப்பா, அத்தையின் மனம் நோகாமல் எப்படி முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விருந்து வைப்பவர் இவ்வளவு பொறுப்போடு யோசிப்பதே பாதிப் பாதுகாப்பு. ஆனால் நீங்கள் நிம்மதிக்காகச் செய்யும் ஏற்பாடுதான், அதாவது சனிக்கிழமை இரவே சமைத்து வைப்பதுதான், உங்கள் திட்டத்திலேயே ஆபத்தான பகுதி. அதை முதலில் விளக்கிவிடுகிறேன். மற்றவை அதைத் தொடர்ந்து எளிதாக விளங்கும்.

நாத்தனார் வீட்டில் நடந்தது என்ன?

பரிசோதனை எதுவும் செய்யப்படாத ஒரு நிகழ்வைப் பற்றி அறுதியிட்டுச் சொல்வது முறையாகாது. ஆனாலும் சாப்பிட்ட நேரத்துக்கும் வாந்தி தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மருத்துவருக்கு நிறையச் சொல்லும். உணவில் இருக்கும் கிருமி குடலுக்குள் போய்ப் பெருகி நோயை உண்டாக்குவதற்கு நேரம் எடுக்கும். சால்மோனெல்லா என்றால் குறைந்தது ஆறு மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் ஒரு நாள்கூட ஆகும். பெரிய அண்டாவில் மெதுவாக ஆறிய இறைச்சிக் குழம்பில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி, எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிற்று வலியையும் வயிற்றுப்போக்கையும் தரும். இரண்டரை மணி நேரத்துக்குள் ஒன்பது பேர் வாந்தி எடுத்தார்கள் என்றால், கிருமி விட்டுச்சென்ற நச்சு இலைக்கு வரும் முன்பே உணவில் தயாராக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. அன்றைய தேங்காய் சாதம் முந்தைய இரவு பத்து மணிக்குக் கிளறி அண்டாவில் மூடி வைக்கப்பட்டது என்று கடிதத்தின் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கவனம் அந்த வரியில்தான் நின்றது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடக்கும் இரவில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு ஒருமுறை உருவாகிவிட்டால், நாம் அடுப்பில் வைத்து எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி சுரக்கும் நச்சும் அப்படித்தான். ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் அது குடியிருக்கிறது. ஆகவே "மறுநாள் நன்றாகச் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்ற உங்கள் நம்பிக்கை பாதிதான் உண்மை: சூடாக்கினால் கிருமி சாகும், நச்சு சாகாது.

"கெட்டிருந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு இரவு, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக என் கிளினிக்குக்கு வந்தார்கள். கடைசியாக வந்த பாட்டி, மீந்த சாதத்தை ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டுக் கையோடு கொண்டுவந்து, மூடியைத் திறந்து என் மேசை மீது வைத்து, "நீங்களே மோந்து பாருங்க டாக்டர், எங்கே கெட்டிருக்கு?" என்று கேட்டார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த மணம்தான் வந்தது. பாட்டி சொன்னதில் தவறே இல்லை. சோற்றைப் புளிக்க வைக்கும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு; பின்னவை மணத்தையோ சுவையையோ மாற்றாமலே ஆயிரம் மடங்கு பெருகிவிடும்.

கணக்காகச் சொன்னால் உங்களுக்கு எளிதாக விளங்கும். சாதகமான வெப்பத்தில் ஒரு கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் எட்டு, ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்துக்கும் மேல். அந்தச் சாதகமான வெப்பம் என்பது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. அதாவது ஃப்ரிட்ஜின் குளிர்ச்சிக்கு மேல், கை பொறுக்காத சூட்டுக்குக் கீழ். சமைத்த உணவு இந்த இடைவெளியில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 32 டிகிரியைத் தாண்டும் மே மாதச் சமையலறையில் நான் அதை ஒரு மணி நேரமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சனிக்கிழமை இரவு பத்து முதல் ஞாயிறு இரவு எட்டு வரை இருபத்திரண்டு மணி நேரம்.

"ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கச் செய்யப்பட்டது. கொதிக்கும் அண்டாவைக் குளிர்விக்கச் செய்யப்பட்டதன்று. ஒரு பெரிய பாத்திரம் நிறைய குருமாவின் நடுப்பகுதி அதற்குள் வைத்த பிறகும் விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். அதன் சூட்டில் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் கேக்கும் கெடத் தொடங்கும். நான்கு பேருக்கான மீதியைத் தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் உண்பது நல்ல வழக்கம்தான். அறுபது பேருக்கான உணவை அப்படிச் செய்ய உங்கள் ஃப்ரிட்ஜில் இடம் இல்லை.

பழைய சோறு மட்டும் எப்படி?

உங்கள் அத்தை இதைக் கட்டாயம் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. நீரூற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் கிருமிகள் வளர்ந்து நீரைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் எளிதில் தலையெடுப்பதில்லை. தேங்காய் சாதத்தில் அந்தப் புளிப்பு இல்லை. ஈரமும் கொழுப்பும் வெதுவெதுப்பும் மட்டுமே உள்ளன. நம் முன்னோர் யாத்திரைக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரையைக் கட்டினார்கள். தேங்காய் சாதத்தைக் கட்டவில்லை. புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்தால் சோறு தாங்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். இந்த ஒரு விஷயத்தை அத்தையிடம் நீங்கள் எடுத்துச் சொன்னால், மருத்துவர் எழுதிய மற்ற எல்லாவற்றையும்விட அவருக்கு அது நெருக்கமாகப் படும் என்று நினைக்கிறேன்.

ஆகவே சைவம் சாப்பிடுவோருக்குத் தேங்காய் சாதத்துக்குப் பதிலாகப் புளியோதரை வையுங்கள். புளிக்காய்ச்சலை மட்டும் முந்தைய நாளே செய்துவிட்டு, சோற்றை ஞாயிறு மாலை வடித்துக் கலந்துகொள்ளுங்கள். அதில் நிலக்கடலை போட வேண்டாம், கடலைப்பருப்பு போதும். தாளிப்புக்கு நல்லெண்ணெய் மட்டும். ஒவ்வாமை உள்ள அந்தப் பையனுக்காகவே இதைச் சொல்கிறேன். கடலை மிட்டாய், மிக்சர், கடலை அரைத்த சட்னி ஆகியவற்றையும் அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். "அவனுக்கு மட்டும் கொடுக்க மாட்டோம்" என்பது 15 குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் நடக்காது. அவனுடைய தாயிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் கையில் வைத்திருக்கும் மருந்து எது, அதை எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முன் இருக்கும் மூன்று வழிகள்

முதலாவது, எல்லாவற்றையும் நீங்களும் அத்தையும் சமைப்பது. இருபது பேர் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். 60 பேருக்கு ஆறேழு கிலோ அரிசியும் அதற்கேற்ற கோழிக்கறியும் வீட்டு அடுப்பில் ஒரே நேரத்தில் முடியாது. இரண்டு மூன்று தடவையாகச் சமைக்கும்போது முதலில் இறக்கியது ஆறிக் கிடக்கும். ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டியவரும் நீங்கள்தான்.

இரண்டாவது, உங்கள் கணவர் சொல்வதுபோல் வெளியே ஆர்டர் கொடுப்பது. வெளியே வாங்குவதாலேயே உணவு பாதுகாப்பாகிவிடாது; நேரத்தின் பொறுப்பு இன்னொருவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சமைத்ததை மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம். எனவே ஆர்டர் கொடுக்கும்போது சுவையையும் விலையையும் கேட்பதோடு, எத்தனை மணிக்குச் சமைத்து இறக்குவீர்கள், எதில் வைத்துக் கொண்டுவருவீர்கள், எத்தனை மணிக்கு எங்கள் வாசலில் இருக்கும் என்ற மூன்றையும் கேளுங்கள். உணவுத் தொழில் செய்யும் எவரும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ வைத்திருக்க வேண்டும். அதற்கு 14 இலக்க எண் உண்டு. பில்லில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். உணவால் பாதிப்பு நேர்ந்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது; பில்லும், ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்த உணவு மாதிரியும், மருத்துவரின் குறிப்பும் இல்லாமல் அந்த உரிமையை நிலைநாட்டுவது மிகக் கடினம்.

மூன்றாவது வழியைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். பிரியாணி மாஸ்டர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, உங்கள் வீட்டுப் பின்புறத்தில் அடுப்பு மூட்டி, உங்கள் அத்தை வாங்கிய அரிசியையும் மசாலாவையும் கொண்டே சமைக்கச் சொல்லுங்கள். ஐந்தரை மணிக்குத் தம் போட்டு, பந்திக்குச் சற்று முன் மூடியைத் திறந்தால், தம் கட்டிய அண்டாவுக்குள் சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்கும். மருத்துவர் விரும்பும் வெப்பமும் சமையல்காரர் விரும்பும் பக்குவமும் இங்கே ஒன்றுதான். பிரியாணி அடுப்பிலிருந்து இலைக்கு நேராக வருகிறது. "கடைச் சோறு" என்ற வருத்தமும் இல்லை. நீங்களும் அடுப்படியில் அகப்பட்டுக்கொள்ள மாட்டீர்கள்.

சனிக்கிழமைக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெங்காயம் வறுத்து வைப்பது, மசாலாப் பொடி, இஞ்சி பூண்டு விழுதை அரைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது, புளிக்காய்ச்சல், முந்திரி திராட்சை வறுத்து வைப்பது, முறுக்கு, ரவா லட்டு போன்ற ஈரமில்லாத பலகாரங்கள், இலை, கப், குப்பைக்கூடை, கை கழுவும் இடம் எல்லாம் சனிக்கிழமையே முடிக்க வேண்டியவை. கோழிக்கறியை ஞாயிறு மதியத்துக்கு மேல் வாங்கினால் போதும். அதைக் குழாயைத் திறந்துவிட்டுப் பலமுறை அலசும் பழக்கம் நமக்கு உண்டு. தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்காயிலும் கொத்தமல்லியிலும் கிருமியைப் பரப்பிவிடும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் வெளியே ஒரு பாத்திரத்தில் தெறிக்காமல் கழுவி, கையையும் கத்தியையும் இடத்தையும் சோப்புப் போட்டுத் துலக்கிய பிறகே பச்சடிக்கு வெள்ளரிக்காயைத் தொடுங்கள்.

பட்டியலையும் குறைத்துவிடுங்கள். சிக்கன் துண்டுகளும் மயோனைஸும் வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் அபாயத்தால்தான். கர்ப்பிணி வரும் வீட்டில் அது மேசை மீது இருக்கவே கூடாது. குழந்தைகளுக்கு மெதுவடையும் வேகவைத்த முட்டையும் போதும். வடையை மாவாக வைத்துக்கொண்டு, வரவரச் சுட்டுப் போடச் சொல்லுங்கள். சூடான வடைக்காகக் குழந்தைகள் வரிசையில் நிற்பதே அன்று ஒரு விளையாட்டாகிவிடும்.

நேரம்

அழைப்பில் "மாலை ஆறரை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் அதற்கு எட்டு மணி என்று பொருள். கேக் வெட்ட எட்டரை, சாப்பாடு ஒன்பதரை. ஒரு வயதுக் குழந்தை ஏழு, ஏழரைக்குத் தூக்கத்துக்கு அழத் தொடங்கும். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேக் வெட்டும் புகைப்படங்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்கு என்று அழையுங்கள். குழந்தையை மூன்று மணிவாக்கில் தூங்க வைத்து எழுப்புங்கள். ஆறு மணிக்கு, யாருக்காகவும் காத்திராமல், கேக் வெட்டிவிடுங்கள். ஏழு மணிக்கு முதல் பந்தி. தாமதமாக வருபவர்களுக்கு அண்டாவின் கடைசிப் பகுதியைத் தம் பிரிக்காமல் வைத்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தையும் அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். "ஏழு மணிக்குச் சாப்பாடு" என்று படித்தவர்கள் அதற்குள் வந்துவிடுவார்கள். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் சட்டப்படி கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த நேர அட்டவணையில் அந்தக் கவலைக்கே இடமிருக்காது.

தேனும் பலூனும்

இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை. பன்னிரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நச்சைச் சுரக்கும் வாய்ப்பு உண்டு. அரிதாகவே நேரும், ஆனால் நேர்ந்தால் குழந்தைக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். உங்கள் மகனுக்கு அன்றைக்கு இன்னும் நான்கு நாள் மீதம் இருக்கிறது. அவனைவிடச் சிறிய குழந்தைகளும் வருகிறார்கள். அன்று நாக்கில் தொட்டு வைக்க மசித்த வாழைப்பழம் இருக்கட்டும். கேக்கின் சர்க்கரைக் கிரீமும் அவனுக்குத் தேவையில்லை. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் வளர்ப்பதே நல்லது.

மிதக்கும் கேஸ் பலூன்களில் தெருவில் அடைத்துத் தருவது பெரும்பாலும் ஹீலியம் அன்று, மலிவாகக் கிடைக்கும் ஹைட்ரஜன். அது தீப்பற்றும் வாயு. கேக்கின் மெழுகுவர்த்திக்கு மேலே ஐம்பது ஹைட்ரஜன் பலூன்களைக் கட்டித் தொங்கவிடுவதை நினைத்துப் பாருங்கள். நுரை பீய்ச்சும் ஸ்ப்ரேயும் அப்படியே. அதை உந்தித் தள்ளும் வாயு எரியக்கூடியது, மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் முகம் வெந்துவிடும். வாயால் ஊதிய பலூன்களைக் கட்டுங்கள். வெடித்த ரப்பர்த் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். பாப்கார்ன், முழுத் திராட்சை ஆகியவை தாழ்வான டீப்பாயில் இருக்க வேண்டாம். புகைவரும் பிஸ்கட் போட்டுத் தரும் கடையையும் வரவழைக்காதீர்கள். அந்தப் புகைக்குக் காரணமான திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிப்பது, முழுதாக ஆவியாகும் முன் விழுங்கினால் இரைப்பையையே கிழித்துவிடக்கூடியது. 2024-இல் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் இது பற்றி எச்சரித்தது.

ஒருவேளை எதையாவது விழுங்கி ஒரு குழந்தைக்கு மூச்சடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். பொருள் இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கையின்மேல் குப்புற, தலை தாழ்ந்திருக்கும்படி கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். வெளிவரும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். இதற்கிடையே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பெரிய குழந்தைகளுக்கு மார்புக்குப் பதிலாகத் தொப்புளுக்கு மேல் உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் இதை ஒரு பொம்மையை வைத்து முந்தைய நாளே ஒருமுறை செய்து பாருங்கள்.

யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரலாம்; அவர் அதற்கு முன் எங்கே என்ன சாப்பிட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. குற்றவுணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் அன்று. நான்கு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு தேக்கரண்டியாக, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் கொடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, மலத்தில் இரத்தம், கண் குழிவிழுவது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மீந்த பிரியாணியை உறவினர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் ஆசை உங்களுக்கு இருக்கும். சூடு குறையும் முன், எட்டரை மணிக்குள், சிறிய டப்பாக்களில் கொடுத்து, வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரப் பயணம் செய்பவர்களுக்கு முறுக்கும் ரவா லட்டும் கொடுத்தனுப்புங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது?

அவருடைய வருத்தம் கடைச் சாப்பாட்டைப் பற்றியது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேரனுடைய முதல் விருந்தில் தம் கைப்பக்குவம் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அதற்குள் இருப்பது. ஆகவே பால் பாயசத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை ஐந்தரைக்கு அடுப்பில் ஏற்றி, பந்தி முடியும்வரை இளந்தீயில் சூடாக வைத்து, சூடாகவே அவர் கையால் பரிமாறட்டும். குளிர வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால், பாத்திரத்தை ஐஸ் போட்ட பெரிய அண்டாவுக்குள் இறக்கி, அடிக்கடி கிளறி விரைவாக ஆற்ற வேண்டும்; வாங்கிய ஐஸ் பாயசத்துக்குள் விழக் கூடாது. மாஸ்டர் போடும் மசாலாவுக்கு உப்பும் காரமும் பார்த்துச் சொல்வதும் அவர் பொறுப்பாகவே இருக்கட்டும்.

அவருடைய இன்சுலினைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அதில்தான் கவலை அதிகம். வழக்கம்போல் எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, பரிமாறிவிட்டு ஒன்பதரைக்கு உட்காரலாம் என்று அவர் நினைத்தால், இடையில் சர்க்கரை அளவு சரிந்துவிடும். வியர்வை, நடுக்கம், திடீர்க் கோபம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். விருந்தின் களைப்பு என்று எண்ணி எளிதில் கவனிக்காமல் விட்டுவிடுவோம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை நீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். அன்றைய ஊசி நேரத்தையும் அளவையும் அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வாங்குங்கள். ஏழு மணிக்கு முதல் பந்தியில் அவரை உட்கார வைத்து, அவருக்கு நீங்கள் பரிமாறுங்கள். பாயசம் பரிமாற அவர் எழுந்திருப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.